கழுத்தில் ஒட்டிய நீலம்

சித்திரை வெயிலில் புதுச்சேரி நேரு வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, மளிகைக்கும் மருந்துக்குமாக நாலு கடை ஏறி இறங்கி வீடு திரும்பியபோது, என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன, ஆலகாலம் குடிச்சிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். கண்ணாடியில் பார்த்தால் கழுத்தைச் சுற்றி ஒரே நீலம். முந்தின வாரம்தான் ஒரு கைத்தறிக் கண்காட்சியில், திண்டிவனம் பக்கத்து அவுரிச் செடியின் நீலச் சாயத்தில் தோய்த்தது என்று சொல்லி விற்ற சட்டையை, விலை கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தே வாங்கியிருந்தேன். விற்றவரின் எண் பையில் அச்சாகியிருந்தது, கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் சற்றும் பதறாமல், "சார், ரெண்டு மூணு தண்ணி போனா நின்னுடும். ஒட்டுதுன்னா நல்ல சாயம்னு வெச்சுக்குங்க. அந்தக் காலத்துல ஒட்டாத துணியை வாங்கவே மாட்டாங்களாம்" என்றார்.

வியாபாரியின் சமாதானம் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். ஆனால் போனை வைத்த பிறகு அப்பாவின் நினைவு வந்தது. அவர் முதலியார்பேட்டை மில்லில் நூற்புப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். விடியற்காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துவிடுவார். திரும்பி வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு படிந்திருக்கும். மில்லைப் பற்றி வீட்டில் அதிகம் பேசாத அவர், ஒரே ஒரு கதையை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். தனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர்களின் காலத்துக்கும் முன்னால், இந்த ஊரின் நீலத்துணி ஆப்பிரிக்காவில் காசாகச் செல்லுபடியானது என்பதுதான் அந்தக் கதை. துணி எப்படிக் காசாகும் என்று நாங்கள் கேட்போம். அவருக்கும் தெரியாது, சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். நான் ஓய்வுபெற்று, பிரெஞ்சுக் காலத்துப் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கிய பிறகுதான் அவர் சொன்னது கதையல்ல என்று தெரிந்தது.

நம் ஊரின் வரலாற்றை நாம் சொல்லும் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளே வருகிறார், தளபதி லல்லி வருகிறார், 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்குகிறார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் 1908இல் பாரதியார் வந்து இறங்கிவிடுகிறார். இடையிலுள்ள நூற்றைம்பது ஆண்டுகளில் ஏதோ துரைமார்கள் மாலையில் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதுபோல ஒரு தோற்றம். ஐரோப்பிய வரலாறோ பள்ளிப் புத்தகத்தில் தனி அத்தியாயமாக, வாட்டர்லூ, நீராவி இயந்திரம், பிஸ்மார்க் என்று வேறு ஏதோ கிரகத்தில் நடந்ததைப்போல ஓடும். அந்த இரண்டையும் ஒரே துண்டாகத் தைத்து வைத்திருந்தது இந்த நீலத்துணிதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கினே' என்றார்கள். ஆப்பிரிக்காவின் கினியா கரையை நோக்கிப் போன சரக்கு என்பதால் வந்த பெயர். முரட்டுப் பருத்தி நூலில் நெய்து, அவுரியில் பலமுறை தோய்த்து, கிட்டத்தட்டக் கருமையாகும் வரை நீலம் ஏற்றிய துணி. பதினெட்டாம் நூற்றாண்டில் அது அட்லாண்டிக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கவும் பயன்பட்டது. இதைச் சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமை வணிகத்துக்குத் தடைகள் வந்த பிறகு, அந்தத் துணியின் முதன்மையான வேலை பிசின் வாங்குவதாக மாறியது.

எந்தப் பிசின் என்றால், செனகல் ஆற்றின் வடகரையில் பாலைவனத்தை ஒட்டி வளரும் ஒருவகை வேலமரத்தின் பிசின். நம் வேலம்பிசினுக்குச் சகோதரன். ஆற்றின் வடகரையிலிருந்த த்ரார்ஸா, பிராக்னா என்ற மூர் இனத்தவர் ஆண்டுதோறும் அதைச் சேகரித்து, குறித்த மாதங்களில் ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டுவருவார்கள். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த செயின்ட் லூயி நகரத்து வணிகர்கள் படகுகளில் போய் வாங்குவார்கள். கொடுக்கல் வாங்கலுக்கு அளவுகோல் வெள்ளியோ பொன்னோ அல்ல. 'ஒரு துண்டுக் கினே' என்பதே அலகு. மற்றச் சரக்குகளின் விலையையும் அத்தனை துண்டு, இத்தனை துண்டு என்றுதான் சொன்னார்கள். அந்தத் துணியை மூர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்தே எடுத்தார்கள். அவுரியின் வாடை இருக்க வேண்டும். உடுத்தினால் நீலம் மேனியில் ஏற வேண்டும். பிரான்சின் ரூவான் நகர ஆலைக்காரர்கள் இதேபோல ஒரு துணியை மலிவாகச் செய்து அனுப்பிப் பார்த்தார்கள். மூர்கள் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டார்கள். எந்தக் குறைக்காக நான் போன் செய்து புகார் சொன்னேனோ, அதே குறைக்காகத்தான் உலகின் மறுகோடியில் ஒருவன் ஒட்டகச் சுமைப் பிசினை இறக்கி வைத்தான்.

இனிமேல்தான் விஷயம் சுவையாகிறது. அந்தப் பிசின் எங்கே போனது? பெரும்பகுதி ஐரோப்பாவின் துணி அச்சுப் பட்டறைகளுக்கு. துணியில் பூவேலை அச்சிடும்போது சாயம் நீர்த்திருந்தால் கோடு கலைந்து பரவிவிடும். பிசினைக் கரைத்துக் கெட்டியாக்கினால் அச்சு வைத்த இடத்திலேயே நிற்கும். மான்செஸ்டர், ரூவான், ஆல்சாஸ் பகுதியின் மூல்ஹவுஸ் ஆகிய இடங்களில் உருளை இயந்திரங்கள் நாளெல்லாம் ஓடி அச்சிட்ட பூத்துணிகளுக்கு இந்தப் பிசின் உப்பைப்போல இன்றியமையாததாக இருந்தது. அந்த பூத்துணிகள்தாம் சோழமண்டலக் கரையின் கலம்காரிக்காரர்களையும் அச்சுக்காரர்களையும் சந்தையைவிட்டு விரட்டின என்பது நாம் அறிந்த செய்தி. ஆக, நம் கைவேலையை அழித்த அதே இயந்திரத் தொழிலுக்குப் பிசின் வேண்டியிருந்தது. பிசினுக்கு நம் கையால் தோய்த்த நீலத்துணி வேண்டியிருந்தது. இயந்திரம் வந்தது, கைத்தொழில் செத்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த முடிச்சுக்கு முன்னால் சற்று நின்றுதான் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அந்தப் புது உலகம் தன் வேலையை நடத்திக்கொள்ள, பழைய உலகத்தின் சாயத்தொட்டியடியில் கையேந்தி நின்றது.

போர்க்கணக்குக்கு வருவோம். பிரெஞ்சுப் புரட்சிப் போர்கள் மூண்டதும் 1793இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள். 1802இல் அமியான் உடன்படிக்கையின்படி ஊரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டு, மறு ஆண்டே மீண்டும் போர் தொடங்கியதால் தராமல் விட்டார்கள். பொறுப்பேற்க வந்த தளபதி தெகேன் கப்பலோடு திரும்பிப் போக வேண்டியதாயிற்று. நெப்போலியன் விழுந்த பின் 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைதான் ஊரைப் பிரான்சுக்குத் தந்தது. அதிலும் நிபந்தனை இருந்தது: கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைத்துக்கொள்ளக் கூடாது. 1815ஆம் ஆண்டின் இன்னோர் ஒப்பந்தத்தால் உப்பு வணிகம் ஆங்கிலேயர் கைக்குப் போக, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்குக் கிடைத்தது. படையில்லை, கோட்டையில்லை, உப்புமில்லை. 1816 டிசம்பரில் கொடியேற்றி ஊரை வாங்கிக்கொண்ட நிர்வாகத்தின் கையில், சொல்லிக்கொள்ளும்படியாக எஞ்சியிருந்தது தறியும் தொட்டியும்தான்.

செனகலும் அப்படியே. 1809இல் ஆங்கிலேயர் பிடித்த செயின்ட் லூயியை மீட்டுக்கொள்ளப் புதிய ஆளுநரை ஏற்றிக்கொண்டு 1816இல் போன கப்பல்தான் 'மெதூஸ்'. அது ஜூலை மாதம் மணல்திட்டில் தட்டி நின்றது. படகில் இடமில்லாத ஏறக்குறைய 150 பேர் ஒரு மரத்தெப்பத்தில் விடப்பட்டு, பதினைந்து பேரே உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஆளுநர் படகில் தப்பிவிட்டார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆண்டில் இப்படிக் கைமாறத் தொடங்கிய இரண்டு ஊர்களையும் ஒன்றோடொன்று கட்டிய கயிறு கினே துணி. அதுவும் நேரே போகவில்லை. இந்தியத் துணி முதலில் பிரான்சுக்குப் போய், பெரும்பாலும் போர்தோ துறைமுகத்தின் கிடங்குகளில் இறங்கி, அங்கிருந்து மறுபடி செனகலுக்குக் கப்பலேற வேண்டும் என்பது விதி. தன் குடியேற்றங்களின் வணிகம் முழுவதும் தன் வாசல் வழியாகவே போக வேண்டும் என்ற பேரரசின் பிடிவாதம் அது. இலாபத்தில் ஒரு பங்கு போர்தோ வணிகர் வீட்டில் தங்கியது. 1830களில் செனகலுக்குப் போன துண்டுகள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல்.

புதுச்சேரிக்கு இயந்திரம் வந்ததும் இந்தத் துணிக்காகத்தான். 1820களின் இறுதியில், ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் தந்த ஊக்கத்தின் பேரில், நீராவியில் இயங்கும் நூற்பாலை ஒன்று இங்கே எழுந்தது. பம்பாயின் முதல் பருத்தி ஆலைக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு முந்தியது. பின்னாளில் சவானா மில் என்றும், அதற்கும் பின்னால் சுதேசி மில் என்றும் நாம் அறிந்த ஆலையின் வேர் அதுதான். 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்த இடம் என்பதற்காக அதை நினைவில் வைத்திருக்கிறோம். அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மறந்துவிட்டோம். நூலை இயந்திரம் நூற்றது. நீலம் ஏற்றும் வேலையை மட்டும் இயந்திரத்தால் பறிக்க முடியவில்லை.

அந்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பூ வைக்கும் பருவத்தில் அவுரியை அறுத்து, கட்டுக்கட்டாக மேல்தொட்டியில் அடுக்கி, மிதக்காமலிருக்க மரச்சட்டங்களால் அழுத்தி, நீர் நிரப்பி ஊறவிடுவார்கள். சில மணி நேரத்தில் அது நொதித்து நுரை கட்டும். நாற்றம் சொல்ல வேண்டாம். நீர் மஞ்சளும் பச்சையுமாக மாறியதும் துவாரத்தைத் திறந்து கீழ்த்தொட்டியில் இறக்குவார்கள். அங்கே ஆட்கள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு துடுப்பாலும் காலாலும் அதை அடித்துக் கலக்க வேண்டும். காற்றுப் படப்பட நீர் நீலமாகி, நீலம் அடியில் வண்டலாகத் தங்கும். அதைக் காய்ச்சி, பிழிந்து, வில்லைகளாக வெட்டிக் காயவைத்தால் அவுரி நீலம். சென்னை மாகாணத்தில் இந்தச் சாகுபடி மிகுந்திருந்த மாவட்டங்களுள் கடலூரைத் தலைநகராகக் கொண்ட நம் தென்னார்க்காடு முக்கியமானது. சாயக்காரர் வீட்டில் அந்த வில்லையை அரைத்து, சுண்ணாம்பும் உவர்மண்ணும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்து மறுபடி நொதிக்கவிடுவார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாகத்தான் வரும். கொடியில் போட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மறுபடி முக்கி, மறுபடி உலர்த்தி, நிறம் இருளும் வரை. எத்தனை முக்கு என்பதைச் சாயக்காரரின் கண்தான் சொல்லும்.

இந்தச் செடியின் மேல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு கண் இருந்தது. பெரோத்தே என்ற தாவரவியலாளர் 1820களில் செனகலில் பணியாற்றினார். அவுரியையும் பருத்தியையும் அங்கேயே விளைவித்துவிட வேண்டும் என்று அரசு பெரும் பணம் கொட்டி முயன்ற காலம் அது. முயற்சி தோற்றது. அதே பெரோத்தே பிறகு நம் ஊருக்கு வந்து, தாவரவியல் பூங்காவைப் பல்லாண்டுகள் கவனித்து, 1870இல் இங்கேயே காலமானார். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு அந்தப் பூங்காவில் நிழலுக்கு ஒதுங்கும்போது, இந்த மரங்களுக்கும் செனகல் ஆற்றுக்கும் உறவு உண்டு என்று சொன்னால் பேரன் ஐஸ்கிரீமைப் பற்றித்தான் கேட்கிறான்.

1854இல் செனகலுக்கு ஆளுநராக வந்த ஃபெதேர்ப் என்ற பொறியியல் படை அதிகாரிக்கு ஆற்றங்கரைச் சந்தைகளின் பழைய ஒழுங்கு பிடிக்கவில்லை. பிசின் வணிகம் தடையின்றி நடக்க, பிரெஞ்சு நிர்வாகம் மூர்த் தலைவர்களுக்கு ஆண்டுதோறும் காணிக்கை கொடுத்துவந்தது. அதில் பெரும்பங்கு நீலத்துணிதான். பேரரசு ஒன்று கப்பம் கட்டுவதா என்று அவர் நினைத்தார். 1855 முதல் 1858 வரை த்ரார்ஸாக்களோடு போர். தென்கரையிலிருந்த வாலோ நாடு பிரெஞ்சு ஆட்சியில் இணைக்கப்பட்டது. 1857இல் செனகல் துப்பாக்கிப் படை உருவானது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரான்சு பின்னர் பிடித்த பெருநிலப் பரப்புக்கு இதுவே வாசற்படி. பிசின் சீவியவர்களில் பலர் மூர்களின் அடிமைகள். நம் ஊர்த் துணி அந்தப் பக்கத்தில் யாருக்கு ஆடையாகவும் யாருக்கு விலங்காகவும் இருந்தது என்று எண்ணும்போது, அப்பா சொன்ன கதையின் வியப்பு கொஞ்சம் கசந்துவிடுகிறது.

1870 ஜூலையில் புதுச்சேரிக் கடற்கரையில் தூய்ப்ளேவுக்குச் சிலை திறந்தார்கள். இழந்த பேரரசின் ஏக்கத்தில் எழுப்பிய சிலை. அதே மாதம் 19ஆம் தேதி பிரான்சு ஜெர்மன் அரசான பிரஷ்யாவின்மீது போர் அறிவித்தது. ஆறே வாரத்தில், செப்டம்பர் 2 அன்று, செதானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே சிறைப்பட்டார். இரண்டு நாளில் பாரிஸில் குடியரசு. நம் பக்கத்தில் பிரெஞ்சு இந்தியாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினரும் 1880இல் நகராட்சிகளும் வந்ததெல்லாம் அந்தக் குடியரசின் பயன். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். என் துணிக்கதைக்கு வேண்டியது வேறு இரண்டு செய்திகள். தோற்றுக்கொண்டிருந்த பிரான்சின் வடக்குப் படையை அந்தக் குளிர்காலத்தில் நடத்தியவர், செனகலிலிருந்து திரும்பியிருந்த அதே ஃபெதேர்ப். 1871 ஜனவரியில் செயின்ட் கான்டானில் அவரும் தோற்றார். அடுத்து, மே மாதம் பிராங்ஃபர்ட் உடன்படிக்கையில் 500 கோடி பிராங்க் இழப்பீட்டோடு ஆல்சாஸையும் பிரான்சு இழந்தது. பிசின் தின்ற அச்சு இயந்திரங்களின் ஊரான மூல்ஹவுஸ் ஒரே கையெழுத்தில் ஜெர்மன் நகரமாயிற்று.

ஆல்சாஸின் தலைநகர் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜெர்மானியர் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு 1872இல் வேதியியல் பேராசிரியராக வந்தவர் அடால்ஃப் பேயர். அவருக்குப் பல ஆண்டுகளாக ஒரே பைத்தியம்: அவுரி நீலத்தின் மூலக்கூறு. மூன்றாண்டுகள் அங்கிருந்துவிட்டு மியூனிக் போனார். 1878இலும் 1880இலும் ஆய்வுக்கூடத்தில் நீலத்தைச் செயற்கையாகச் செய்துகாட்டினார். 1883இல் அதன் அமைப்பைச் சொன்னார். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. ரைன் நதிக்கரை லுட்விக்ஸ்ஹாஃபனிலுள்ள பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனம், ஒன்றுபட்ட ஜெர்மனி 1877இல் இயற்றிய காப்புரிமைச் சட்டத்தின் நிழலில், தன் மூலதனத்தையே விழுங்கும் அளவு பணத்தை அந்தப் பள்ளத்தில் கொட்டியது. முட்டுக்கட்டையாக இருந்த ஒரு கட்டத்தை ஒரு விபத்து தீர்த்துவைத்தது என்பார்கள்: கொதிகலனில் வெப்பமானி உடைந்து பாதரசம் கலக்க, நகராமல் நின்ற வினை விரைந்து நடந்தது. 1897இல் நிலக்கரித் தாரிலிருந்து செய்த நீலம் சந்தைக்கு வந்தது. வயல் வேண்டாம், மழை வேண்டாம், தொட்டியில் இறங்கி மிதிக்கும் கால் வேண்டாம்.

அதற்குமேல் தென்னார்க்காட்டு அவுரிக்கு நீண்ட ஆயுள் இல்லை. நம் விவசாயி அதற்கு முன்பே வேறு பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய்ச் செக்குகளும் சோப்பு ஆலைகளும் நிலக்கடலையைக் கேட்டன. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இரயில் வந்தபின் மூட்டைகள் துறைமுகத்துக்கு எளிதாக இறங்கின. மணிலாக்கொட்டை என்று வந்த பெயரை நாம் மல்லாட்டை ஆக்கிக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், செனகலிலும் பிசினின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்தது நிலக்கடலைதான், அதுவும் மார்செய்க்காகத்தான். துணியை விற்றவனும் வாங்கியவனும் ஒரே முதலாளிக்குக் கடலை பயிரிட்டார்கள்.

பண்ருட்டிக்குப் போகும் வழியில் என் அத்தை ஊரில், கொல்லைக்குப் பக்கத்தில், செங்கல்லும் சுண்ணாம்புமாக மேலும் கீழும் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. சிறுவயதில் அவற்றில் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். போன மாதம் போனபோது, நீலச்சட்டையைத்தான் போட்டிருந்தேன். நாலு தண்ணீர் போய்விட்டதால் கழுத்தில் ஒட்டவில்லை. மேல்தொட்டியில் மல்லாட்டைக் கொடியை மாட்டுக்காகக் கொட்டி வைத்திருந்தார்கள். கீழே நீர் இறங்கும் துவாரத்தில் யாரோ செங்கல்லைச் சொருகிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். "இதுக்கு ஏன்டா அவுரித்தொட்டின்னு பேரு?" என்று அத்தை பேரனைக் கேட்டேன். "அவுரின்னு ஒரு ஆயா இருந்துச்சாம் மாமா, அது கட்டுனதாம்" என்றான்.